கோயம்புத்தூரில் ஐரோப்பியக் குடியேறிகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி முதல் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கோயம்புத்தூரிலும் அதைச் சூழ்ந்த கொங்கு நாட்டிலும் ஐரோப்பியர் பலர் நீண்ட காலம் தங்கி வாழ்ந்தனர். கத்தோலிக்க குருமார், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள், சீர்திருத்தத் திருச்சபை மிஷனரிகள், வணிகர்கள், ரயில்வே ஊழியர்கள் எனப் பல தரப்பினர் இவர்களில் இருந்தனர். சென்னை, புதுச்சேரி போன்ற கடற்கரை நகரங்களோடு ஒப்பிட்டால் இங்கு அவர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. அதனால் தமக்கென ஓர் ஐரோப்பிய நகரத்தை உடனே அமைத்துக்கொள்ள அவர்களால் முடியவில்லை. உடை, உணவு, மொழி, வழிபாடு ஆகியவற்றில் உள்ளூருக்காக எவ்வளவு மாறுவது என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. துபுவா, ஜான் சலிவன், பிரெசில்லாக், ராபர்ட் ஸ்டேன்ஸ் ஆகிய நால்வரின் வாழ்க்கை அந்த முடிவுகளையும் அவற்றின் விளைவுகளையும் காட்டுகிறது.

பின்னணி

கோயம்புத்தூர் நொய்யல் ஆற்றின் கரையில், பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் அமைந்த ஊர். மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இந்த இடைவெளி வழியாகவே மலையாள நாட்டுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே வணிகமும் படைகளும் காலங்காலமாகக் கடந்து சென்றன. நகரின் தெற்கு எல்லையாக இருந்த உக்கடம் இந்த வழியில் முக்கியமான இடம். பாலக்காட்டுச் சாலையும் பொள்ளாச்சிச் சாலையும் இங்கிருந்தே பிரிகின்றன. நொய்யலின் வாய்க்கால்களால் நிரம்பும் உக்கடம் பெரியகுளம் ஒருபுறம், பழைய கோட்டை இருந்த கோட்டைமேடு மறுபுறம் என அமைந்த இப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், உருது ஆகிய மொழிகளைப் பேசும் மக்கள் அருகருகே வாழ்ந்தனர். வெளியிலிருந்து வருபவர்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள் அல்ல. ஐரோப்பியர் அந்த வரிசையில் கடைசியாக வந்தவர்கள்.

மைசூர்ப் போர்களின்போது கோயம்புத்தூர் பலமுறை கைமாறியது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் இறந்தபின் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. தொடக்கத்தில் இரண்டு பிரிவுகளாக நிர்வகிக்கப்பட்ட பகுதி 1804-ல் ஒரே மாவட்டமாக இணைக்கப்பட்டு, கோயம்புத்தூர் அதன் தலைநகரானது. நகராட்சி 1866-ல் அமைந்தது.

அன்றாட வாழ்க்கை

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றால் கோயம்புத்தூரின் வெப்பம் தமிழகத்தின் பிற சமவெளி ஊர்களைவிடச் சற்றுக் குறைவு. ஆயினும் பங்குனி, சித்திரை மாதங்களின் வெயில் ஐரோப்பியருக்குக் கடுமையாகவே இருந்தது. உயரமான கூரையும் அகலமான தாழ்வாரமும் கொண்ட பங்களாக்கள், கயிற்றால் இழுக்கப்பட்ட பங்கா, நீர் தெளித்த வெட்டிவேர்த் தட்டி ஆகியவை வெப்பத்தைத் தணிக்கும் வழிகள். காலை விடியும் முன்பே வேலையைத் தொடங்கி நண்பகலில் வீட்டுக்குள் இருப்பது என்ற உள்ளூர் வழக்கத்தை அவர்களும் கைக்கொண்டனர்.

வெப்பத்தைவிட அவர்கள் அஞ்சியது நோயை. காலராவும் மலையடிவாரக் காய்ச்சலும் எவரையும் சில நாட்களில் கொல்லக்கூடியவை. அவை எப்படிப் பரவுகின்றன என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பிய மருத்துவத்துக்கும் தெரியாது. கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தது. உயரமான, குளிர்ந்த இடங்களைத் தேடி அவர்கள் சென்றதற்கு இந்த நம்பிக்கையே முக்கியக் காரணம்.

வீட்டு வாழ்க்கை முழுவதும் உள்ளூர்ப் பணியாளர்களைச் சார்ந்திருந்தது. சமையல்காரர், பட்லர், ஆயா, குதிரைக்காரர், தண்ணீர் கொண்டுவருபவர் ஆகியோர் இல்லாமல் ஒரு துரையின் வீடு ஒரு நாளும் நடக்காது. அலுவலகத்தில் அந்த இடத்தைத் துபாஷியும் முன்ஷியும் வகித்தனர். இந்தத் தொடர்பால் சொற்கள் இரு திசையிலும் பயணம் செய்தன. கஞ்சி, சுருட்டு, மிளகுத்தண்ணீர், கறி ஆகிய தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்துக்குச் சென்றன. போர்த்துகீசியர் காலத்திலேயே தமிழுக்கு வந்துவிட்ட மேசை, ஜன்னல், சாவி, அலமாரி போன்ற சொற்களோடு ஆங்கிலச் சொற்களும் சேர்ந்தன. ஆனால் வீட்டுக்குள் நடந்த இந்தப் பழக்கம் பெரும்பாலும் கட்டளையிடுபவருக்கும் பணிபவருக்கும் இடையிலானது. உள்ளூர் மக்களோடு சமமாக அமர்ந்து உண்ட ஐரோப்பியர் மிகச் சிலரே.

உள்ளூர் வாழ்க்கையை ஏற்றல்: துபுவா

ஜான் அந்துவான் துபுவா தென்பிரான்சின் ஆர்தேஷ் பகுதியில் பிறந்தவர். பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சங்கத்தைச் சேர்ந்த குருவாக 1792-ல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம் அது. புதுச்சேரியிலிருந்து கொங்குப் பகுதிக்கு வந்து தாராபுரம், சத்தியமங்கலம், கருமத்தம்பட்டி ஆகிய ஊர்களில் பணியாற்றினார். 1799-க்குப் பின் மைசூர்ப் பகுதியில் சிதறியிருந்த கத்தோலிக்கர்களை ஒன்றுசேர்க்கும் பணியை ஏற்றார்.

துபுவாவுக்கு முன்மாதிரி ஏற்கெனவே இருந்தது. 1606-ல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி காவி உடுத்தி, மரக்கறி உணவு உண்டு, தமிழும் சமஸ்கிருதமும் கற்று ஒரு சந்நியாசியைப்போல் வாழ்ந்தார். பதினேழாம் நூற்றாண்டில் மைசூரிலிருந்து கொங்குப் பகுதிக்கு வந்த இயேசு சபையினரும் இவ்வழியைப் பின்பற்றினர். துபுவாவும் உள்ளூர் உடையை அணிந்து, உள்ளூர் உணவை உண்டு, மக்களின் ஆசாரங்களை மீறாமல் வாழ்ந்தார். மக்களிடம் நம்பிக்கை பெற்றால் மட்டுமே அவர்கள் வாழ்க்கையை உள்ளிருந்து காண முடியும் என்று கருதினார். மைசூர்ப் பகுதியில் அம்மைத் தடுப்பூசி பரவுவதற்கும் அவர் உழைத்தார்.

இந்த வாழ்க்கையின் பயனாக இந்து மக்களின் பழக்கவழக்கங்கள், ஆசாரங்கள், சடங்குகள் பற்றிய அவருடைய பிரெஞ்சு நூல் உருவானது. கிழக்கிந்தியக் கம்பெனி அதன் கைப்பிரதியை விலைக்கு வாங்கியது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1816-ல் வெளிவந்தது. இந்தியாவை ஆள வந்த ஆங்கில அதிகாரிகளுக்கு இந்நூல் நீண்ட காலம் கையேடாக இருந்தது. இதன் பெரும்பகுதி, முந்தைய தலைமுறையைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி கேர்தூவின் எழுத்துகளை ஒட்டியது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர் சில்வியா முர் பின்னாளில் காட்டினார். துபுவா நேரில் கண்டவை எவை, பிறரிடமிருந்து எடுத்தவை எவை என்று பிரித்தறிந்து படிக்க வேண்டிய நூல் அது.

முப்பது ஆண்டுகள் உள்ளூர்க்காரர்போல் வாழ்ந்தும் துபுவா மனநிறைவோடு திரும்பவில்லை. 1823-ல் இந்தியாவை விட்டுச் சென்றார். அதே ஆண்டு வெளியான கடிதத் தொகுப்பில், இந்துக்களை மதம் மாற்றும் முயற்சி வெற்றிபெறாது என்ற முடிவை வெளிப்படையாக எழுதினார். மறைபரப்பு இயக்கத்தில் இது பெரும் சர்ச்சையை எழுப்பியது. பின்னர் பாரிஸில் தம் சங்கத்தின் தலைவராக இருந்து 1848-ல் மறைந்தார்.

மலைக்கு ஏறுதல்: ஜான் சலிவன்

ஜான் சலிவன் 1815 முதல் 1830 வரை கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்தார். 1818-ல் அவருடைய உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி ஆகிய இருவர் நீலகிரி மலைமேல் ஏறித் திரும்பினர். அங்கு ஐரோப்பாவை ஒத்த குளிர் நிலவுவதாக அவர்கள் சொன்னதைக் கேட்ட சலிவன் 1819 ஜனவரியில் தாமே மலையேறினார். முதலில் கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். சிறுமுகையிலிருந்து மலைமேல் செல்ல லெப்டினன்ட் மெக்பெர்சன் மேற்பார்வையில் பாதை அமைந்தது. 1822-ல் உதகமண்டலத்தில் தோடர்களிடமிருந்து நிலம் வாங்கி ‘கல் பங்களா’ எனப்பட்ட கல்வீட்டைக் கட்டத் தொடங்கினார். உதகை ஏரியும் அவர் முயற்சியில் உருவானது.

சமவெளிக்குப் பழகுவதற்குப் பதிலாக, பழக வேண்டிய தேவையே இல்லாத ஓர் இடத்தைச் சலிவன் உருவாக்கினார். ஐரோப்பியக் காய்கறிகளும் பழமரங்களும் அங்கு பயிராயின. லஷிங்டன் ஆளுநராக இருந்தபோது உதகை நோயுற்ற படைவீரர்கள் தேறும் இடமானது. புனித ஸ்டீபன் தேவாலயம் 1830-ல் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. பிற்காலத்தில் சென்னை மாகாண அரசே கோடையில் உதகைக்கு இடம்பெயர்ந்தது. 1858-ல் படைவீரர்களின் பிள்ளைகளுக்காக லாரன்ஸ் பள்ளி தொடங்கப்பட்டது. நீலகிரி 1868-ல் கோயம்புத்தூரிலிருந்து தனி நிர்வாகமாகப் பிரிக்கப்பட்டது.

குடியேறியவர்களுக்குச் சொந்த ஊர்போல அமைந்த இந்த மலைநகரம் தோடர்களின் மேய்ச்சல் நிலத்தில் எழுந்தது. தோடர்களே நிலத்தின் உரிமையாளர்கள், அவர்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சலிவன் வாதிட்டார். அதே நேரத்தில் மலைமேல் பெருமளவு நிலத்தைத் தம் கையில் வைத்திருந்தவரும் அவரே. இதனால் லஷிங்டனுக்கும் அவருக்கும் பகை மூண்டது. தட்பவெப்பம் சலிவனின் குடும்பத்தைக் காப்பாற்றவும் இல்லை. அவருடைய மனைவி ஹென்ரியேட்டாவும் மகளும் உதகையிலேயே இறந்தனர். புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். சலிவன் இங்கிலாந்து திரும்பி 1855-ல் மறைந்தார்.

மனசாட்சியின் சிக்கல்: பிரெசில்லாக்

மெல்கியோர் தெ மாரியோன் பிரெசில்லாக் 1813-ல் தென்பிரான்சின் காஸ்தெல்நோதரி நகரில் பிறந்தார். 1842-ல் புதுச்சேரி வந்து தமிழ் கற்றார். சேலத்தில் சில காலம் பணியாற்றினார். கோயம்புத்தூர் தனி மறைப்பகுதியாகப் பிரிக்கப்பட்டபோது அதன் பொறுப்பு அவருக்கு வந்தது. 1846 அக்டோபர் 4-ல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அப்போது அவருக்கு வயது 32.

பிரெசில்லாக்கைத் தொல்லைப்படுத்தியவை இரண்டு. முதலாவது, உள்ளூர் குருமார் பற்றியது. இந்தியர்களைக் குருக்களாகப் பயிற்றுவித்து, காலப்போக்கில் திருச்சபையை அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார். இதற்காகக் கருமத்தம்பட்டியில் குருமடம் நடத்தினார். 1845-ல் உரோமையிலிருந்து வந்த ஓர் அறிவுறுத்தலும் இதையே வலியுறுத்தியது. ஆனால் இந்தியக் குருக்களைத் தமக்குச் சமமாக நடத்த ஐரோப்பிய மிஷனரிகளில் பலர் தயாராக இல்லை. உணவு மேசையிலும் பதவிகளிலும் வேறுபாடு தொடர்ந்தது. இங்கேயே நெடுங்காலம் வாழ்ந்தவர்களும் இந்தியரைத் தம் மேலாளராக ஏற்கும் நிலைக்கு வரவில்லை.

இரண்டாவது, சாதி பற்றியது. தெ நோபிலி வழியில் உள்ளூர் ஆசாரங்களை ஏற்ற திருச்சபை, சாதி வேறுபாட்டையும் ஓரளவு ஏற்றிருந்தது. கோயிலில் தனித்தனி இருக்கை, தனித்தனி இடம் என்ற நிலை தமிழகத்தின் பல ஊர்களில் இருந்தது. இவை வெறும் சமூக வழக்கங்களா, சமயக் கொள்கைக்கு எதிரானவையா என்ற வாதம் ‘மலபார் சடங்குகள்’ விவாதம் எனப்பட்டது. திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1744-ல் வெளியிட்ட ஆணை பல வழக்கங்களைத் தடைசெய்தது. அந்த ஆணைக்குக் கீழ்ப்படிவதாக ஒவ்வொரு மிஷனரியும் உறுதிமொழி எடுக்க வேண்டும். நடைமுறையிலோ தடைசெய்யப்பட்டவை எவை, அனுமதிக்கப்பட்டவை எவை என்பதில் தெளிவு இல்லை. ஆணையைக் கண்டிப்பாக நிறைவேற்றினால் மக்கள் விலகிவிடுவர். விட்டுக்கொடுத்தால் தாம் எடுத்த உறுதிமொழியை மீற நேரும். இந்த இரண்டுக்கும் நடுவில் பிரெசில்லாக் சிக்கிக்கொண்டார்.

தீர்வு வேண்டி அவர் உரோமைக்கு எழுதினார். பின்னர் நேரில் சென்றும் முறையிட்டார். மனசாட்சிக்கு ஒத்த விடை கிடைக்காத நிலையில் ஆயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1855-ல் அந்த விலகல் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபரப்புச் சங்கத்தை நிறுவினார். 1859 மே மாதம் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் துறைமுகத்தை அடைந்தார். அங்கு பரவியிருந்த மஞ்சள் காய்ச்சலால் ஜூன் 25-ல், வந்து ஆறு வாரங்களுக்குள், மறைந்தார். இந்திய மிஷனரிகளுக்கான உறுதிமொழியைத் திருச்சபை 1940-ல்தான் நீக்கியது.

பிரெசில்லாக் காலத்தில் தொடங்கிய தூய மிக்கேல் பேராலயப் பணி 1867-ல் நிறைவுற்றது. உக்கடத்தை அடுத்த பெரிய கடை வீதியில், கடைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவில் இது நிற்கிறது. மலைநகர் தேவாலயங்களைப்போல் ஒதுங்கி நில்லாமல் சந்தையின் நடுவே அமைந்த கோயில் இது.

சமவெளியில் நிலைத்தல்: ராபர்ட் ஸ்டேன்ஸ்

1860-களில் நிலைமை மாறியது. 1862-ல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற ரயில்பாதை போத்தனூர் வழியாக அமைந்தது. போத்தனூரில் ரயில்வே குடியிருப்பு உருவாகி, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அங்கு தங்கின. நீலகிரியின் காப்பித் தோட்டங்களுக்குச் சமவெளியில் காப்பிக்கொட்டை பதப்படுத்தும் நிலையங்கள் தேவைப்பட்டன. அதிகாரியாகவோ குருவாகவோ அல்லாமல், பிழைப்புக்காக வந்து நிலைக்கும் ஐரோப்பியர் கோயம்புத்தூரில் தோன்றினர்.

அவர்களில் முதன்மையானவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் (1841–1936). இளம் வயதிலேயே இந்தியா வந்த அவருடைய குடும்பத்தின் வணிக நிறுவனம் 1861-ல் தொடங்கியது. 1862-ல் கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் பள்ளி தொடங்கப்பட்டது. ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கான பள்ளி அது. ஏழு, எட்டு வயதில் பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டுப் பல ஆண்டுகள் அவர்கள் முகத்தைக் காணாமல் இருப்பது அன்றைய ஐரோப்பியக் குடும்பங்களின் பெரும் துயரம். அனுப்ப வசதியில்லாத குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் கல்வியே கேள்விக்குறி. உள்ளூரில் ஒரு பள்ளி இருந்தால்தான் குடும்பத்தோடு இங்கு நிலைக்க முடியும் என்ற நடைமுறைத் தேவையிலிருந்து இப்பள்ளி பிறந்தது. 1872-ல் ஆங்கிலேயருக்கான ஆல் சோல்ஸ் தேவாலயம் எழுந்தது.

1888-ல் கோயம்புத்தூர் நூற்பு, நெசவு ஆலை நிறுவப்பட்டது. ‘ஸ்டேன்ஸ் மில்’ என்று மக்கள் அழைத்த இது நகரின் முதல் நவீன பஞ்சாலை. கொங்கு நாட்டின் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி, உள்ளூர் உழைப்பாளர்கள், இறக்குமதி செய்த இயந்திரங்கள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்த முயற்சி அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உள்ளூர்க் குடும்பங்களும் ஆலைகளைத் தொடங்கின. குப்புசாமி நாயுடு 1910-ல் தொடங்கிய லட்சுமி மில் இவற்றில் குறிப்பிடத்தக்கது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகி, கோயம்புத்தூர் தென்னிந்தியாவின் பஞ்சாலை நகரமாக வளர்ந்தது. 1920-ல் சர் பட்டம் பெற்ற ஸ்டேன்ஸ், 1936-ல் தம் 95-ஆம் வயதில் மறைந்தார்.

ஸ்டேன்ஸ் துபுவாவைப்போல் உடையையோ உணவையோ மாற்றிக்கொண்டவர் அல்ல. தம் சமூகத்துக்கான பள்ளி, தேவாலயம் ஆகியவற்றைத் தனியாகவே அமைத்தார். ஆனால் மலைக்கு ஏறி ஒதுங்காமல், ஊரின் மண்ணோடும் தொழிலோடும் தம் வாழ்க்கையைப் பிணைத்தார்.

ஒப்பீடு

வேற்று நாட்டில் வாழ்பவர் உள்ளூருக்குப் பழக வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. ‘உள்ளூர்’ என்பது ஒரே வழக்கம் கொண்டதல்ல என்பதைக் கொங்கு நாட்டின் வரலாறு காட்டுகிறது. துபுவா, பிரெசில்லாக் ஆகியோரின் திருச்சபை பழகிக்கொண்டது உயர்சாதியினரின் ஆசாரத்துக்கு. கோயிலின் ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்களின் பார்வையில் அந்தப் பழக்கம் பெருந்தன்மை அல்ல, அநீதியின் தொடர்ச்சி. பிரெசில்லாக் பதவி விலகக் காரணமான குழப்பத்தின் வேர் இதுவே. அதற்கு எதிரான வழியில், எதற்கும் பழகாமல் தமக்கென ஓர் ஊரை அமைத்துக்கொண்ட சலிவனின் முயற்சியில் விலை கொடுத்தவர்கள் தோடர்கள். இரு வழிகளிலும் குடியேறியவரின் வசதிக்கான செலவில் ஒரு பங்கு உள்ளூரின் வலிமை குறைந்தவர்கள் மீது விழுந்தது.

காலத்தைப் பொறுத்த வேறுபாடும் உண்டு. துபுவாவின் காலத்தில் ஐரோப்பியர் தனித்து, ஆதரவின்றி வாழ்ந்தனர். மாறுவதைத் தவிர வேறு வழி குறைவு. கம்பெனி ஆட்சி வலுத்து, சாலையும் ரயிலும் வந்தபின் மாற வேண்டிய கட்டாயம் குறைந்தது. ஆட்சியதிகாரம் கூடக்கூடப் பழகும் தேவை குறைந்தது என்பதே அந்த நூற்றாண்டின் பொதுப்போக்கு.

இன்று எஞ்சியவை

1947-க்குப் பின் ஐரோப்பியரில் பெரும்பாலோர் நாடு திரும்பினர். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் பல ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்தன. சில போத்தனூரிலேயே தங்கின. ஸ்டேன்ஸ் பள்ளி இன்று எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி. கன்னேரிமுக்கில் சலிவன் கட்டிய வீடு நினைவகமாக உள்ளது. உதகைக் கல்வீடு அரசுக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. கருமத்தம்பட்டி கொங்கு நாட்டுக் கத்தோலிக்கரின் முக்கியத் திருத்தலமாக விளங்குகிறது. கோயம்புத்தூர் மறைமாவட்டத்தின் ஆயர்கள் இப்போது இந்தியர்கள். பிரெசில்லாக் கேட்டதும் அதுவே.